முள் எழும்பாத வண்டி

எங்கள் காரில் குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரே திருகுதான். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. வண்டி எடுத்த நாளிலிருந்து அது நீலத்திலேயே கிடந்தது. பெரம்பலூரில் எவன் சிவப்புப் பக்கம் திருப்புவான்? வெளியில் அடிக்கிற வெயில் போதாதா? சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டிய எனக்கே காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பது பேச்சளவில்தான் தெரியும்.

முதல்முதலாக அதைச் சிவப்புக்குத் திருப்பியது போன மார்கழியில், கோத்தகிரி மலைப்பாதையில். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று மாப்பிள்ளை போன் செய்ய, நானும் என் சம்சாரமும் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். முறைப்படி வளைகாப்பு முடிந்த கையோடு மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா தடுத்துவிட்டதால் தலைப்பிரசவம் மலையிலேயே ஆகிவிட்டது. அந்தக் குறை என் மனசில் இருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏற ஏறக் குளிர் பிடுங்க ஆரம்பித்தது. திருகைச் சிவப்புக்குத் தள்ளி, காற்றாடியை முழு வேகத்தில் வைத்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"என்னங்க, இதுல சூடு வருமா வராதா?" என்றாள் சம்சாரம். இரண்டு சேலையைச் சேர்த்துப் போர்த்தியிருந்தாள்.

"வரும் வரும். இன்ஜின் இன்னும் சூடாவல."

"பெரம்பலூர்லேந்து ஓட்டிக்கிட்டு வரீங்க. இன்னுமா சூடாவல? உங்களுக்குத்தான் சூடு ஏறுது."

மீட்டரைப் பார்த்தேன். சூட்டு முள் அடியில் படுத்திருந்தது. அந்த முள்ளைப் பற்றி நான் சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில், ஏசியும் ஓட, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பச்சைமலை ஏறினாலும் என் வண்டி முள் எழும்பாது. மற்றவன் வண்டியெல்லாம் ரோட்டோரம் ஆவி விட்டு நிற்கும்போது நான் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போவேன். நான் வண்டி வைத்திருக்கிற லட்சணம் அப்படி. அதே முள் அன்றைக்கு மலையில் படுத்துக் கிடந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பேத்தியைப் பார்த்தேன். கைக்கு அடங்குகிற மாதிரி இருந்தாள். சம்சாரம் மகளோடு தங்கிவிட்டாள். தை பிறந்ததும் நான் வந்து தாயையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது என்று பேச்சு. கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை வந்து நின்றார். தேயிலைக் கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவர், மரியாதையான பிள்ளை.

"மாமா, தை மாசம் இங்க புல்லு மேலல்லாம் உறைபனி கெடக்கும். சின்னக் கொழந்த. நான் வேணா இங்கயே ஹீட்டரு உள்ள வண்டியா ஒண்ணு பேசிடறேனே. நீங்க வீணா அலைய வேண்டாம்."

"எதுக்குங்க மாப்ள? என் வண்டிலயும் ஹீட்டரு இருக்கு."

"இருக்கு, இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து சம்சாரம். "மீன அதுல வச்சிக்கிட்டு வந்தா கெடாது. இந்தா பாருங்க, அந்தக் காத்துல பச்ச ஒடம்புக்காரிய நான் ஏத்த மாட்டேன். சரி பண்ணிக்கிட்டு வாங்க. இல்லன்னா மாப்ள பேசற வண்டில நாங்க வந்துக்கறோம், நீங்க வூட்ல ஆரத்தி கரைச்சு வச்சிக்கிட்டு நில்லுங்க."

மகள் சிரித்தாள். சிரித்தது எனக்குச் சுருக்கென்றது.

வாடகை வண்டியில் என் மகள் வந்து இறங்குவதா? அவளை முதல்முதலாக வீட்டுக்குக் கொண்டு வந்தவன் நான். அந்தக் கதையைச் சொன்னால்தான் என் வீம்பு விளங்கும்.

நான் படித்தது மூணாங்கிளாஸ். குன்னம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கிய குடும்பம் எங்களுடையது. எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. கிளீனராக லாரி ஏறி, டிரைவராகி, அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஓட்டி ஓட்டி, கடைசியில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினேன். எங்கள் தெருவில் ஓனர் என்று கூப்பிடப்பட்ட முதல் ஆள் நான்தான். இன்றைக்கும் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த லாரி வந்த வருஷம்தான் மகள் பிறந்தாள், வாலிகண்டபுரத்தில் மாமியார் வீட்டில். அதுவும் ஒரு தை மாசம்தான், தாயையும் பிள்ளையையும் அழைத்து வரப் போனேன். லாரியோடு போய் நின்றேன்.

"பச்ச ஒடம்புக்காரிய லாரிலயா ஏத்துவ? பஸ்ஸு இல்லையா, காரு இல்லையா?" என்று மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"ஏறிப் பாருங்க அத்த, அப்புறம் பேசுங்க," என்றேன்.

அந்தக் காலத்து லாரியில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கும், டிரைவருக்குப் பக்கத்தில். அதை ஓர் இரும்பு மூடி போட்டு மூடியிருப்பார்கள். சித்திரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினால் இடது கால் வெந்துபோகும். எத்தனை டிரைவர்கள் அந்தச் சூட்டுக்குப் பயந்து தொழிலை விட்டார்கள்! ஆனால் தை மாசத்து விடியல்பொழுதில் அந்த மூடியைப் போல ஒரு சொகுசு உலகத்தில் கிடையாது. அதன் மேல் சாக்குகளை மடித்துப் போட்டு, கம்பளி விரித்து, அதற்கு மேல் ஒரு பழைய வேட்டி விரித்திருந்தேன். மாமியார் ஏறி அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அடுப்பு மேட்டுல வச்ச மாதிரியில்ல இருக்கு," என்றார். அவ்வளவுதான். மகளை அதில் கிடத்தினோம். சம்சாரம் ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். நான் முழு வேகம் எடுக்காமல், பள்ளம் பார்த்து, மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டி வந்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தோம். கேபினுக்குள் டீசலும் சூடான சாக்கும் கலந்த ஒரு வாசனை. பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை. வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தினேனோ இல்லையோ, வீல் என்று கத்தினாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் வரைக்கும் அவளுக்கு அந்த உறுமல் இல்லாமல் தூக்கம் வராது. சாயங்காலம் வாசலில் லாரியை ஸ்டார்ட் செய்து விட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு கேபினில் உட்கார்ந்திருப்பேன். "டீசல ஊத்திப் புள்ளய தூங்க வைக்கிற ஒரே ஆளு நீதான்யா," என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

அப்படிக் கொண்டு வந்தவளைத்தான் இப்போது வாடகை வண்டியில் வரச் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே காரைத் துறையூர் ரோட்டுப் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் எனக்கு வேண்டியவன். என் லாரிகள் காலத்திலிருந்து என் வண்டியை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"ஓனரே, என்ன தொந்தரவு?"

"ஹீட்டரு போட்டா குளிர்காத்து வருது."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரனும் எழுந்து வந்தான். "நம்மூர்ல ஹீட்டரு வேல செய்யலன்னு வந்த மொத வண்டி இதுதாங்க ஓனரே! சாமிக்கு நேர்ந்துக்கிட்டீங்களா, வேர்வைல குளிக்கறேன்னு?"

விஷயத்தைச் சொன்னேன். பேத்தி என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவன் காற்றாடி ஃபியூஸைப் பார்த்தான். நான் அது இல்லை என்றேன். காற்றுதான் வருகிறதே. பிறகு திருகுக்குப் பின்னால் போகிற கம்பியைப் பார்த்தான். நீலத்துக்கும் சிவப்புக்கும் மாற்றும்போது உள்ளே காற்றைத் திருப்பிவிடுகிற தட்டி சரியாகத் திரும்பியது. அப்படியானால் ஹீட்டருக்குள் சூடு வந்து சேரவில்லை என்று சொன்னவன் நான்தான். கார் ஹீட்டர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜினைச் சுற்றி வருகிற சுடுதண்ணீரில் கொஞ்சம், இரண்டு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் போய் வருகிறது. அதன் மேல் காற்றை ஊதினால் சூடாக வருகிறது. அவ்வளவுதான். அந்தக் குழாய் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். உள்ளே போவது லேசாக வெதுவெதுப்பு, திரும்பி வருவது சுத்தமாகச் சில்.

"அடைப்புடா," என்றேன்.

குழாயைக் கழற்றி ஒரு பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். மறுபக்கம் வெள்ளை வெளேரென்று கரைசல் வந்து கொட்டியது. அடைத்திருந்தது உப்பும் சுண்ணாம்பும். ரேடியேட்டருக்கென்று பச்சை நிறத்தில் விற்கிற கூலன்ட் தண்ணீரை இங்கே யார் ஊற்றுகிறார்கள்? போர் தண்ணீர்தான். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் குடம் வெளுத்துப்போகும், ஹீட்டர் என்ன ஆகும்? வாழ்நாளெல்லாம் சுண்ணாம்புக் கல்லை லாரியில் ஏற்றினேன், அது எனக்குத் தெரியாமல் கார் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளை நிற்கிற வரை அலசி, அந்தக் கூலன்ட் தண்ணீரே வாங்கி ஊற்றினோம். குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தால் சூடு வராது. அதற்கு ரேடியேட்டர் வாய் மேலே இருக்க வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தி ஓடவிட வேண்டும். பட்டறையில் ஏது மேடு? ஏரிக்கரைச் சரிவில் மூக்கை மேலே ஏற்றி நிறுத்தினேன். மூடியைத் திறந்து ஓடவிட்டதும் குபுக் குபுக்கென்று காற்று வெளியே வந்தது. கரையில் மாடு மேய்த்தவர், "தண்ணி காட்டறீங்களா ஓனரே?" என்று கேட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சூடு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கிருந்தே சம்சாரத்துக்குப் போன் போட்டேன்.

"சரி ஆயிருச்சு. மாப்ளகிட்ட சொல்லிடு, வண்டி ஒண்ணும் பேச வேணாம்."

"ஓட்டிப் பாத்தீங்களா, நிக்க வச்சே சொல்றீங்களா?"

அவளுக்கு லாரி ஓனர் சம்சாரம் என்கிற ஞானம் கொஞ்சம் உண்டு. மறுநாள் விடியற்காலையில் குன்னம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். நிற்கும்போது வந்த சூடு, வண்டி வேகம் எடுத்ததும் போய்விட்டது. பனிக்காற்று ரேடியேட்டரில் மோத மோத, உள்ளே மறுபடியும் அதே ஐஸ் பெட்டி. முள் அடியிலேயே கிடந்தது. ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் அறுவடையான மக்காச்சோளத் தட்டை. அதன்மேல் வெயில் வரத் தொடங்கியிருந்தது. எனக்கு உள்ளே வேர்க்கவும் இல்லை, குளிர் விடவும் இல்லை. வயசாகிவிட்டதோ என்று முதல்தடவையாக நினைத்தேன்.

பட்டறைக்குப் போய் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குப் போகிற பெரிய குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் நன்றாகச் சூடேறுகிற வரை அந்தக் குழாய் சில்லென்றே இருக்க வேண்டும். தண்ணீரை மறிக்க நடுவில் ஒரு வால்வு உண்டு. தண்ணீர் நன்றாகச் சுட்ட பிறகுதான் அது வாய் திறந்து ரேடியேட்டருக்கு விடும். இங்கேயோ ஸ்டார்ட் செய்ததுமே குழாயில் தண்ணீர் ஓடுவது கையில் தெரிந்தது. இன்ஜினுக்குச் சூடேறவே இடமில்லை.

"டேய், இதுல வால்வு இருக்கா?"

"வால்வா?" அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அத வண்டி வந்த அன்னைக்கே கழட்டிட்டமே! பூசை போட்டுக் கொண்டாந்து விட்டீங்கள்ல, அன்னைக்கே. நம்ம வண்டில என்னைக்கு வால்வு இருந்திருக்கு?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் புது லாரி வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்குவோம், கறுப்புக் கயிறு கட்டுவோம், வால்வைக் கழற்றிப் போடுவோம். தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால்தான் எங்கள் வெயிலில் இன்ஜின் தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு. யாரும் சொல்லிச் செய்வதில்லை. என் கார் வந்தபோதும் அவன் பாசத்தில் அதைச் செய்திருக்கிறான். நான் இத்தனை வருஷம் பெருமை பேசிய முள் ஏன் எழும்பவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. இப்போதும் சொல்கிறேன், சித்திரை வெயிலில் கல் ஏற்றுகிற லாரிக்கு அந்த வைத்தியம்தான் லாயக்கு. அந்த லாரிகள் உழைத்த உழைப்புக்கு நானே சாட்சி.

பெரம்பலூர்க் கடைகளில் வால்வு கிடைக்கவில்லை. "கழட்டறவங்க உண்டு, மாட்டறவங்களைப் பார்த்ததில்ல," என்றார்கள். அரியலூரில் லாரிகள் அதிகம், உதிரிபாகக் கடைகளும் அதிகம். அங்கே லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அரபு நாட்டில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். நான் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. அவர் ஒருத்தர்தான் சிரிக்கவில்லை.

"பாலைவனத்துல குளிர்காலத்து விடியல்ல, சுபுஹு தொழற நேரம் எப்படி இருக்கும் தெரியுமாண்ணே? பல்லு கிட்டிப் போவும். ஹீட்டரு இல்லாத வண்டிய நான் தொட மாட்டேன்," என்றவர் பரண்மேல் ஏறி, தூசு படிந்த அட்டைப்பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். "உங்க வண்டிக்குள்ளதுதான். ரொம்ப நாளா கெடக்கு. திறக்குதான்னு பாத்துட்டு எடுத்துக்குங்க."

எதிர் டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கி, அதற்குள் வால்வைப் போட்டேன். நானும் பாயும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல, பூ விரிகிற மாதிரி, நடுத் தட்டு வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

"மாஷா அல்லா. புள்ளய நல்லபடியா கூட்டிக்கிட்டு வாங்க. அந்தத் தண்ணிய மட்டும் குடிச்சிராதீங்க," என்றார் பாய்.

அதை மாட்டியதும் முள் எழும்பியது. அடியிலிருந்து கிளம்பி, அளவின் நடுவில் வந்து, அங்கேயே நின்றது. அதைப் பார்த்து எனக்குப் பதைத்துவிட்டது. பழக்கதோஷம். முள் ஏறினால் வண்டியை ஓரம் கட்டுகிற கை. மெக்கானிக்கும் ஓடி வந்து பார்த்தான். நெடுநேரம் நின்று பார்த்தோம். நகரவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஹீட்டரை முழுசாக வைத்து, பட்டறையிலிருந்து குன்னம் வரை போய்வந்தேன். இறங்கும்போது சட்டையைப் பிழியலாம். பஞ்சர் கடைக்காரன் துண்டை நீட்டினான். "நேர்த்திக்கடன் முடிஞ்சுதா ஓனரே?" என்றான்.

தை பிறந்ததும் கோத்தகிரி போனேன். மாப்பிள்ளை சொன்னது சரிதான், புல்லெல்லாம் சர்க்கரை தூவிய மாதிரி இருந்தது. சம்சாரம் மகளை ஏறவிடாமல் தானே முதலில் ஏறி, ஹீட்டர் காற்றுக்கு எதிரே உள்ளங்கையை நீட்டினாள். எனக்கு வாலிகண்டபுரத்து வாசல் ஞாபகம் வந்தது. அவள் அம்மா கையை எடுக்காமல் வைத்திருந்த மாதிரியே இவளும் வைத்திருந்தாள்.

"ம்," என்றாள். "ஏறும்மா."

அந்த 'ம்'முக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து அதற்கு மேல் அவளிடம் பாராட்டு வாங்கியதில்லை.

மலை இறங்கினோம். மாப்பிள்ளை முன் சீட்டில், அவர்கள் மூன்று பேரும் பின்னால். பள்ளம் பார்த்து, வளைவு பார்த்து, மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். கண்ணாடிக்கு வெளியே பனி, உள்ளே இதமான சூடு. பேத்தியின் சத்தமே இல்லை.

"அப்பா, கொஞ்சம் கொறைங்கப்பா, வேர்க்குது," என்றாள் மகள்.

"என்னது? கேக்கலியே."

"வேர்க்குதுன்னேன்!"

"மாப்ள, உங்களுக்குக் கேட்டுதாங்க?"

"கேட்டுது மாமா," என்று சிரித்தார் மாப்பிள்ளை.

"போதும், கொறைங்க," என்றாள் சம்சாரம். "இத இன்னும் எத்தன வருசம் ஊருல சொல்லிக்கிட்டுத் திரியப்போறீங்களோ."

குறைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மகள் முன்னால் சாய்ந்து, "அப்பா, நம்ம பழைய லாரி வாசம் வருதுல்ல?" என்றாள். கார் ஹீட்டரில் டீசல் வாசம் வராது, சாக்கு வாசமும் வராது. சூடான ரப்பர் வாசம் லேசாக வந்திருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் அந்த இன்ஜின் மூடி மேல் படுத்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாததா?

"ஆமாம்மா, வருது," என்றேன்.

பெரம்பலூர் வந்து சேரும்போது நல்ல வெயில். ஹீட்டரை எப்போதோ நிறுத்தியிருந்தேன். வாசலில் ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள். இன்ஜினை அணைத்தேன். அணைத்த மறுநொடி, அதுவரை சத்தம் காட்டாத பேத்தி வீல் என்று கத்தினாள்.

நானும் சம்சாரமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள். "ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினேன். பிள்ளை அடங்கியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வாசலில் மகளுக்கும் பேத்திக்கும் ஆரத்தி சுற்றினார்கள். நான் இறங்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவிலேயே நின்றது.